மறதியை அளந்த மனிதர்

தப், கெம், ரிஸ், ஜோல், வுக், நெப், ஷூத், ஹாக், டெஸ், லோம், ஸெக், மூத், பிர்.

அச்சுப்பிழை இல்லை. மாந்திரீகமும் இல்லை. 13 அசைகள், அவ்வளவுதான். அர்த்தம் தேடி அகராதியைப் புரட்டாதீர்கள், கிடைக்காது. இரண்டு மூன்று முறை படியுங்கள். பிறகு பக்கத்தை மூடிக்கொண்டு, வரிசை மாறாமல் திருப்பிச் சொல்லிப் பாருங்கள்.

முதல் மூன்று வருகிறது. கடைசி இரண்டு வருகிறது. நடுவில் இருப்பது காலை வாருகிறது. இல்லையா?

ஒரு ஜெர்மன்காரர் இதே வேலையைத்தான் மாதக்கணக்கில் செய்துகொண்டிருந்தார். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பரீட்சை கிடையாது. மார்க் கிடையாது. அர்த்தமே இல்லாத அசைகளை மனப்பாடம் செய்வார். ஒப்பிப்பார். வேண்டுமென்றே மறக்க விடுவார். மறுபடி மனப்பாடம் செய்வார். ஒவ்வொன்றுக்கும் எத்தனை வினாடி ஆனது என்று கணக்கு எழுதி வைப்பார்.

ஆசாமிக்குப் பைத்தியமா என்று நீங்கள் கேட்டால் தப்பில்லை. ஆனால் உங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை ஒன்று இருந்தால், இவர் எழுதி வைத்த கணக்கை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

பெயர், ஹெர்மன் எபிங்ஹாஸ்.

*

பரீட்சை சீஸனில் எல்லா வீடுகளிலும் கேட்கிற வசனம் ஒன்று உண்டு. 'படிச்சேம்ப்பா. ஆனா மறந்துபோச்சு.' பிள்ளை பாவமாகச் சொல்லும். நம்மிடம் தீர்ப்பு ரெடியாக இருக்கும். கவனம் போதாது. டி.வி. ஜாஸ்தி. செல்போன் ஜாஸ்தி. மண்டையில் களிமண். தீர்ப்போடு நிற்காமல் வைத்தியமும் பார்ப்போம். வல்லாரைக் கீரை, வெண்டைக்காய் பொரியல், விடியற்காலை நாலு மணிக்கு அலாரம்.

இதில் எதுவுமே பலிக்காதபோது பிள்ளை தனக்குத்தானே ஒரு தீர்ப்பு எழுதிக்கொள்கிறது. 'எனக்கு ஞாபக சக்தி கம்மி. படிப்பு நமக்கு வராது.' ஆபத்தான இடம் அதுதான். 35 மார்க் வாங்கிய பிள்ளை 60 வாங்கிவிடலாம். வராது என்று முடிவு கட்டிவிட்ட பிள்ளை புத்தகத்தையே திறக்காது.

சரி, மறந்துபோவது யார் குற்றம்? இந்தக் கேள்விக்கு 1879 வரை யாரும் அளந்து பார்த்து பதில் சொன்னதில்லை.

*

எபிங்ஹாஸ் பிறந்தது 1850ல். ஊர், ஜெர்மனியில் பார்மென். இன்றைக்கு அது வுப்பர்டால் நகரத்தின் ஒரு பகுதி. அப்பா வியாபாரி. பையன் கல்லாவில் உட்காராமல் பான் பல்கலைக்கழகத்துக்குப் போனான். 1870ல் பிரான்சோடு போர் மூண்டபோது பிரஷ்ய ராணுவத்தில் சேர்ந்தான். திரும்பி வந்து, 1873ல் தத்துவத்தில் டாக்டர் பட்டம். பிறகு? பெரிய வேலை எதுவும் இல்லை. இங்கிலாந்திலும் பிரான்சிலும் ட்யூஷன் எடுத்துப் பிழைத்தார்.

அந்த நாள்களில் ஒரு பழைய புத்தகக் கடையில் அவர் கையில் ஒரு புத்தகம் சிக்கியது என்று சொல்வார்கள். குஸ்டாவ் ஃபெக்னர் என்பவர் 1860ல் வெளியிட்டது. கையில் இருக்கும் எடையை எவ்வளவு கூட்டினால் 'கனக்கிறது' என்று மனசுக்கு உறைக்கும்? வெளிச்சத்தை எவ்வளவு குறைத்தால் கண்ணுக்குத் தெரியும்? இப்படி உணர்ச்சியை எண்ணால் அளக்கிற புத்தகம்.

எபிங்ஹாஸுக்குப் பொறி தட்டியது. உணர்ச்சியை அளக்கலாம் என்றால் ஞாபகத்தை ஏன் அளக்க முடியாது?

அன்றைக்கு இது அதிகப்பிரசங்கித்தனம். லைப்ஸிக்கில் உளவியலுக்கென்று ஆய்வுக்கூடம் கண்ட வில்ஹெல்ம் வுண்டே, ஞாபகம் போன்ற உயர்ந்த மன வேலைகளெல்லாம் பரிசோதனைக்குள் அகப்படாது என்று கருதிய காலம். எபிங்ஹாஸிடம் ஆய்வுக்கூடம் கிடையாது. உதவியாளர் கிடையாது. பரிசோதனைக்கு ஆள் கிடையாது. பார்த்தார், தானே எலியாகிவிட்டார்.

முதல் சிக்கல், எதை மனப்பாடம் செய்வது? கவிதையா? அதில் ஏற்கெனவே தெரிந்த சொல் இருக்கும், சந்தம் இருக்கும், ஏதாவது ஒன்று கைதூக்கிவிடும். சுத்தமான ஞாபகத்தை அளக்க வேண்டுமென்றால் யாருக்கும் எந்தப் பழக்கமும் இல்லாத சரக்கு வேண்டும். நடுவில் ஓர் உயிரொலி, இரு பக்கமும் மெய்யொலி என்று அசைகளைத் தயாரித்தார். சுமார் 2,300 அசைகள். சீட்டு குலுக்குவது மாதிரி கலந்து, எடுத்து, வரிசையாக எழுதிக்கொள்வார். நிமிஷத்துக்கு 150 என்ற ஒரே வேகத்தில் படிப்பார். தப்பில்லாமல் ஒப்பிக்கும்வரை விடமாட்டார். தினமும் குறிப்பிட்ட நேரத்தில்தான் செய்வார். சில நாள் தலைவலியே வந்திருக்கிறது.

1879லிருந்து 1880 வரை ஒரு சுற்று. சந்தேகம் தீராமல் 1883லிருந்து 1884 வரை இன்னொரு சுற்று. 1885ல் புத்தகம் வந்தது. ஞாபகத்தைப் பற்றி, எண்களோடு பேசிய முதல் புத்தகம்.

*

இவர் கணக்கு எழுதிய முறை இருக்கிறதே, அதை ஒரு பி.காம். மாணவர் உடனே புரிந்துகொள்வார். அவர் வைத்த பெயரே 'சேமிப்பு'!

ஒரு பாடத்தைத் தப்பில்லாமல் ஒப்பிக்க முதல் தடவை 1,000 வினாடி ஆயிற்று என்று வையுங்கள். மறுநாள் அதே பாடம். சுத்தமாக மறந்துவிட்டது போலத்தான் தெரிகிறது. மறுபடி படிக்கிறீர்கள். இப்போது 660 வினாடியிலேயே வந்துவிடுகிறது. மிச்சமான 340 வினாடிதான் உங்கள் சேமிப்பு. அதாவது 34 சதவிகிதம். வாயால் சொல்ல வராத பாடம்கூட மண்டைக்குள் எங்கோ இருப்புக் கணக்கில் கிடக்கிறது என்பதை இந்த முறை காட்டிக்கொடுத்துவிடும்.

இந்த வழியில் 163 முறை இரட்டைப் பரிசோதனை செய்தார். வந்த விடை இது. 20 நிமிஷம் கழித்துச் சேமிப்பு 58 சதவிகிதம். ஒரு மணி நேரத்தில் 44. ஒன்பது மணி நேரம் கழித்து 36. ஒரு நாளில் 34. இரண்டு நாளில் 28. ஆறு நாளில் 25. ஒரு மாதம் கழித்து 21.

எண்களை இன்னொரு தரம் பாருங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குள் பாதிக்கு மேல் அவுட். ஆனால் ஆறாம் நாளுக்கும் முப்பத்தோராம் நாளுக்கும் நடுவில் போனது வெறும் நாலு சதவிகிதம். மறதி மாடியிலிருந்து உருளுகிற தேங்காய் மாதிரி. முதலில் தடதடவென்று இறங்கும், அப்புறம் தரையில் மெதுவாக நகரும். இதைத்தான் 'மறதி வளைகோடு' என்கிறார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. 'மனிதன் படித்ததில் 66 சதவிகிதத்தை ஒரே நாளில் மறந்துவிடுகிறான்' என்று சில பயிற்சி மையங்கள் இந்த எண்களைக் காட்டி பயமுறுத்தும். நம்பாதீர்கள். இவை ஒரே ஒரு மனிதர், அர்த்தமற்ற அசைகளை வைத்துக்கொண்டு, தன் நேரச் சேமிப்பை அளந்த எண்கள். உங்கள் பிள்ளையின் வரலாற்றுப் பாடத்துக்கு அப்படியே பொருந்தாது. பொருந்துவது அந்தக் கோட்டின் வடிவம். 2015ல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் இரண்டு பேர் இதே பரிசோதனையைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். ஒருவர் 70 மணி நேரம் உட்கார்ந்து அசைகளை மனப்பாடம் செய்தார். கிட்டத்தட்ட அதே கோடு வந்தது.

ஆக, மறப்பது உங்கள் பிள்ளையின் குற்றம் இல்லை. முதல் மணி நேரத்தில் கொட்டிப்போவது அந்த ஜெர்மானியப் பேராசிரியருக்கும் கொட்டித்தான் போயிற்று.

*

அதே புத்தகத்தில் இன்னும் இரண்டு சங்கதிகள் உண்டு. இரண்டுமே பரீட்சைக்குப் படிப்பவர்களுக்கு லட்டு மாதிரி.

ஒன்று, அர்த்தம். ஒரு மாறுதலுக்கு, ஆங்கிலக் கவிஞர் பைரனின் 'டான் ஜுவான்' காவியத்திலிருந்து சில செய்யுள்களையும் மனப்பாடம் செய்தார். ஒரு செய்யுளில் சுமார் 80 அசைகள். ஒன்பது முறை படிப்பதற்குள் வந்துவிட்டது. அதே 80, அர்த்தமற்ற அசைகளாக இருந்தால் 70, 80 முறை தேவைப்படும் என்று கணக்கிட்டார். அதாவது, புரிந்து படித்தால் உழைப்பு பத்தில் ஒன்று. புரியாமல் நெட்டுருப் போடுகிற பிள்ளை சோம்பேறி இல்லை. பத்து மடங்கு கூலியில்லாத வேலை செய்கிற பிள்ளை. 22 வருஷம் கழித்து அந்தச் செய்யுள்களை மறுபடி படித்தபோதும் அவருக்குக் கொஞ்சம் சேமிப்பு மிச்சமிருந்தது.

இரண்டு, இடைவெளி. 12 அசைகள் கொண்ட வரிசையை ஒரே நாளில் 68 முறை படித்துவிட்டு மறுநாள் சோதித்தார். இன்னொரு தரம், மூன்று நாள்களுக்குப் பிரித்துப் போட்டு 38 முறை மட்டும் படித்தார். இரண்டுக்கும் ஒரே பலன். 30 முறை படிக்கிற உழைப்பு லாபம். அந்த லாபத்தைக் கொடுத்தது அதிக மூளையா? இல்லை. காலண்டர்.

பரீட்சைக்கு முந்தின ராத்திரி ஃபிளாஸ்கில் காபியோடு உட்காருகிறவர்கள் எந்த 68ஐச் செய்துகொண்டிருக்கிறார்கள் என்று புரிகிறதா?

*

எல்லாம் சரி. மறதியை அளந்தாயிற்று. அதற்குத் தடுப்பணை கட்டுவது எப்படி?

விடை கிடைத்தது அமெரிக்காவில். 1917ல் ஆர்தர் கேட்ஸ் என்கிற ஆய்வாளர் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டி வைத்து, எல்லோருக்கும் ஒரே அளவு நேரம் கொடுத்தார். சிலரை முழு நேரமும் படிக்க மட்டும் சொன்னார். மற்றவர்களை, கொஞ்சம் படித்துவிட்டு மிச்ச நேரத்தில் பார்க்காமல் சொல்லிப் பார்க்கச் சொன்னார். அதாவது, நம்ம ஊர் 'ஒப்பித்தல்'. ஜெயித்தது ஒப்பித்தவர்கள். அர்த்தமற்ற அசைகளுக்கு நேரத்தில் ஐந்தில் நாலு பங்கை ஒப்பிப்பதற்குக் கொடுத்தவர்கள் முன்னால் நின்றார்கள். வாழ்க்கை வரலாறு மாதிரி அர்த்தமுள்ள பாடத்திலும் பாதிக்கு மேல் ஒப்பிப்புக்குக் கொடுத்தவர்களுக்கே பலன்.

1939ல் ஹெர்பர்ட் ஸ்பிட்ஸர் இன்னும் பெரிய வலையாக விரித்தார். அயோவா மாநிலத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 3,605 பேர். படிக்கக் கொடுத்தது வேர்க்கடலை, மூங்கில் பற்றிய கட்டுரைகள். சிலருக்கு உடனே பரீட்சை, சிலருக்குச் சில நாள் கழித்து, சிலருக்கு வாரங்கள் கழித்து. 63 நாள்வரை தொடர்ந்து பார்த்தார். படித்த கையோடு பரீட்சை எழுதிய பிள்ளைகளுக்கு மறதி குறைந்திருந்தது. இத்தனைக்கும் சரியான விடை எது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. யோசித்து எடுத்த அந்த முயற்சியே தடுப்பணை ஆகிவிட்டது. தள்ளிப் போட்டவர்களுக்கு? தடுக்க அதிகம் மிச்சமில்லை. தண்ணீர் ஓடிப்போய்விட்டது.

அப்படியானால் உலகத்துப் பிள்ளைகளெல்லாம் ஏன் ஒப்பித்துப் பார்க்காமல் வாசித்துக்கொண்டே இருக்கிறார்கள்?

2006ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக் இருவரும் வெளியிட்ட ஆய்வு அந்த ரகசியத்தை உடைத்தது. செயின்ட் லூயிஸ் நகரில் இருக்கும் அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் கூட்டம் ஒரு கட்டுரையைத் திரும்பத் திரும்பப் படித்தது. சராசரியாக ஒருவர் 14 தடவை. இன்னொரு கூட்டம் மூன்று தடவை சொச்சம் படித்தது. மீதி நேரமெல்லாம் வெள்ளைத்தாளில் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிஷம் கழித்துச் சோதித்தால், 14 தடவை படித்தவர்கள் 83 சதவிகிதம், எழுதிப் பார்த்தவர்கள் 71. ஆஹா, வாசித்தவர்கள் ஜெயித்துவிட்டார்கள்!

ஒரு வாரம் போகட்டும். வாசித்தவர்கள் 40. எழுதிப் பார்த்தவர்கள் 61.

இதில் உச்சம் எது தெரியுமா? 'ஒரு வாரம் கழித்து உங்களுக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கும்?' என்று முன்பே கேட்டு வைத்திருந்தார்கள். அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னது, 14 தடவை படித்த கூட்டம்தான்.

கொஞ்சம் யோசியுங்கள். திரும்பத் திரும்பப் படிக்கும்போது பக்கம் பழகிவிடுகிறது. எந்த வரி எந்த மூலையில் இருக்கிறது என்பதுகூடத் தெரிகிறது. 'தெரியும்' என்று மனசு ஏமாந்துவிடுகிறது. தெரிந்த மாதிரி இருப்பது வேறு, தெரிந்திருப்பது வேறு. புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்லிப் பார்த்தாலோ தடுமாறுகிறது, திக்குகிறது, அவமானமாக இருக்கிறது. 'ஒண்ணுமே ஏறலை' என்று தோன்றுகிறது. உண்மையில் ஏறுவது அப்போதுதான். ஆனால் பிள்ளைக்கு அது தெரியாதே! தடுமாற்றத்தைத் தன் மூளையின் குறை என்று நினைத்துக்கொண்டு, சுகமான வாசிப்புக்கே திரும்பிவிடுகிறது. பரீட்சை ஹாலில் மாட்டிக்கொள்கிறது. நன்றாகப் படிக்க வேண்டும் என்கிற ஆசையே இப்படித்தான் செத்துப்போகிறது. உழைக்காமல் அல்ல. தப்பான இடத்தில் உழைத்து.

*

நம்மவர்களுக்கு இது தெரியாமலா இருந்தது? பவணந்தி முனிவரின் நன்னூலுக்குச் சுமார் 800 வயது. இலக்கண நூல்தான். ஆனால் ஆரம்பத்திலேயே மாணவன் எப்படிப் படிக்க வேண்டும் என்று பாடம் எடுத்துவிடுகிறார் மனுஷர். ஆசிரியர் சொன்னதை நன்றாக வாங்கிக்கொண்டாலும் கால் பங்குதான் தேறும். கூடப் படிக்கிறவர்களோடு பயிலும்போது இன்னொரு கால். மிச்ச அரைப் பங்கு எப்போது வரும் என்றால், அடுத்தவருக்கு எடுத்துச் சொல்லும்போது. கேட்டதை நினைத்துப் பார், கேள்வி கேள், கேட்ட கேள்விக்குப் பதில் சொல் என்று வரிசையாக அடுக்குகிறார். பரிசோதனை எண்கள் அவரிடம் இல்லை. வகுப்பறை அனுபவம் இருந்திருக்கிறது.

எபிங்ஹாஸ் கதையை முடித்துவிடுவோம். 1894ல் பெர்லினை விட்டு ப்ரெஸ்லாவ் போனார். அங்கே பள்ளிப் பிள்ளைகள் காலையில் தொடர்ந்து ஐந்து மணி நேரம் படிப்பதால் மூளை களைத்துப்போகிறதா என்று நகரத்தார் கேட்டார்கள். கண்டுபிடிக்க ஒரு வழி செய்தார். பத்தி ஒன்றைக் கொடுப்பது. நடுநடுவே சொற்களையும் எழுத்துகளையும் உருவிவிட்டு, நிரப்பச் சொல்வது. ஆம், நம் வினாத்தாளில் வருகிற 'கோடிட்ட இடங்களை நிரப்புக' சமாசாரம்தான். 1897ல் இதை வெளியிட்டார். 1905ல் பிரான்சின் ஆல்ஃபிரெட் பினே புத்திசாலித்தனத்தை அளக்கச் செய்த சோதனையிலும் இந்த முறை இடம்பிடித்தது. 1909ல் நிமோனியா வந்து எபிங்ஹாஸ் இறந்தபோது வயது 59.

தன்னைத்தானே ஓயாமல் சோதித்துக்கொண்ட மனிதர் அவர். அதற்குப் பிறகு வந்த உலகம், சோதனை என்றாலே பிள்ளைகளைத் தரம் பிரிக்கிற ஜல்லடை என்று ஆக்கிக்கொண்டது. பரீட்சை என்றால் தீர்ப்பு. ஆனால் கேட்ஸும் ஸ்பிட்ஸரும் கண்டது வேறு. பரீட்சை என்பது படிக்கிற முறை. மார்க் போடாமல், திட்டாமல், வீட்டில் தினமும் வைத்துக்கொள்ளக்கூடிய முறை.

செலவு? ஒன்றுமில்லை. 1972ல் செபாஸ்டியன் லைட்னர் என்கிற பத்திரிகைக்காரர் - நம்மாள்! - ஓர் அட்டைப்பெட்டியில் வழி சொன்னார். சீட்டின் முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில். பெட்டிக்குள் ஐந்து அறைகள். எல்லாச் சீட்டும் முதலில் முதல் அறையில். சரியாகச் சொன்னால் சீட்டு அடுத்த அறைக்குப் போகும். தப்பானால் மறுபடி முதல் அறைக்கே வரும். முதல் அறையை அடிக்கடி எடுக்க வேண்டும், பின் அறைகளை எப்போதாவது எடுத்தால் போதும். எபிங்ஹாஸின் இடைவெளியும் கேட்ஸின் ஒப்பித்தலும் ஒரே டப்பாவில். பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டினாலே சீட்டு தயார்.

பெட்டிகூட வேண்டாம் என்கிறீர்களா? சரி. பாடத்தை முதலில் புரிய வையுங்கள். படித்த அன்றைக்கே புத்தகத்தை மூடச் சொல்லி, நினைவிருப்பதை எழுதச் சொல்லுங்கள். விட்டதைத் திறந்து பார்க்கட்டும். மறுநாள் ஒருதரம், மூன்று நான்கு நாள் கழித்து ஒருதரம், அடுத்த வாரம் ஒருதரம். சமையலறையில் நீங்கள் வெங்காயம் நறுக்கும்போது பக்கத்தில் நின்று ஒளிச்சேர்க்கையை உங்களுக்குப் பாடம் எடுக்கட்டும். உங்களுக்குப் புரியாவிட்டால் ரொம்ப நல்லது. இன்னொரு தரம் சொல்லுவாள்.

தடுமாறினால் முகம் சுளிக்காதீர்கள். தடுமாறி யோசிக்கிற அந்த நேரத்தில்தான் தடுப்பணைக்குக் கல் விழுந்துகொண்டிருக்கிறது. அதை அவளுக்கும் சொல்லி வையுங்கள். அது தெரிந்த பிள்ளை பாதியில் எழுந்து ஓடாது.

'படிச்சதெல்லாம் மறந்துபோச்சுப்பா' என்று அடுத்த முறை சொல்லும்போது, களிமண்ணை எடுக்காதீர்கள். வெண்டைக்காய் விலை விசாரிக்காதீர்கள். இரண்டே கேள்வி கேளுங்கள்.

'எப்பப் படிச்சே? அதுக்கப்புறம் எத்தனை தடவை புத்தகத்தை மூடிட்டுச் சொல்லிப் பார்த்தே?'